நான்கெல்லைக்கு உட்பட்ட பூசணித் தோட்டம்

சிதம்பரம் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து உட்கார்ந்ததும், கலியமூர்த்தி முதலில் பூசணிக்குத் தண்ணீர் விடுவார். பூசணி அவர் மனைவி அமராவதியின் கைப்பேசி விளையாட்டில் காய்த்துக் கிடக்கிறது. வாளியைத் தொட்டால் தண்ணீர் ஊற்றும், மாட்டைத் தொட்டால் பால் கறக்கும். முட்டுகிற கறுப்பு மாட்டுக்குத் தைலம்மாள் என்று பெயர். அது கலியமூர்த்தியின் அக்கா பெயர். அமராவதி எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் இல்லை.

போன ஐப்பசியில் அவள் இறந்துபோனாள். வாசலில் இருந்த துளசி பட்டுப்போனது. பூசணி மட்டும் வாடவில்லை.

வீடு கடலூர் முதுநகரில். பிழைப்பு சிதம்பரத்தில், பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதுவது. தொழில் நாக்கில் ஏறிவிட்டது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சாம்பார் கேட்கும்போது "மேற்படி கொஞ்சம் வுடுப்பா" என்பார். வீட்டுக்கு வழி கேட்டால் "வடக்கால டீக்கடை, தெக்கால டிரான்ஸ்பார்மர்" என்று நான்கெல்லையும் சொல்லித்தான் நிறுத்துவார். கண் கலங்கி வருகிற விதவைகளிடம் மட்டும் குரல் தணியும். "செத்தவங்க பேர்ல சொத்தை வுட்டு வெக்காதம்மா. பேரை எடுத்துடு. பின்னாடி வில்லங்கம் ஜாஸ்தி."

இந்த ஆனியில் பேட்டரி வீங்கி, அந்தக் கைப்பேசியின் முதுகு உப்பத் தொடங்கியது. மூடி கழன்று விழாமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். செல்போன் பழுது பார்க்கும் மச்சான், அமராவதியின் தம்பி சபாபதி, அதைத் தொடவே மாட்டேன் என்றான்.

"இது ஃபோன் இல்ல மாமா, வெடிகுண்டு. அக்கா எந்தக் கணக்கும் தொறக்காமயே வெளையாடியிருக்கு. ஃபோன் போச்சுன்னா தோட்டமும் போச்சு."

"இன்னாடா வழி?"

"மெட்ராஸ்ல கேம் கண்காட்சி போடுறாங்க. அந்தக் கம்பெனிக்காரங்களே வராங்களாம். நேர்ல கேப்போம்."

"ஜமாபந்தி மாதிரின்னு சொல்லு. அதிகாரியே நேர்ல ஒக்காந்து மனு வாங்குவாரு."

சபாபதி அப்போதே திருத்தியிருக்க வேண்டும். திருத்தாததால் கலியமூர்த்தி இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் நகல் மூன்று, முத்திரைத் தாளில் சொத்து விவரம் எல்லாவற்றையும் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, இஸ்திரி மடிப்பு கலையாத வேட்டியில் ரயிலேறினார்.

வெளியே பட்டப்பகல், கண்காட்சி மண்டபத்துக்குள் கும்மிருட்டு. கொம்பு முளைத்தவர்களும் இறக்கை கட்டியவர்களும் அட்டை வாளோடு திரிந்தார்கள். சபாபதி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கலியமூர்த்தி அசரவில்லை. பாகப்பிரிவினைக்கு அண்ணன் தம்பிகள் நிஜ அரிவாளோடு வந்து அவர் பார்த்திருக்கிறார். இருப்பதிலேயே நீளமான வரிசை எதுவென்று பார்த்து அதில் நின்றார். நீளமான வரிசை எங்கே முடிகிறதோ அங்கேதான் அதிகாரி இருப்பார்.

வரிசை முடிந்த இடத்தில் நீல நிற அரக்கன் ஒருவன் நின்றிருந்தான். கலியமூர்த்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காகிதங்களை நீட்டினார்.

"அங்கிள், நான் ஃபோட்டோவுக்கு மட்டுந்தான்," என்றான் அரக்கன்.

"சரிங்க சார். மனு வாங்குறது எந்த மேசைங்க?"

தேடிப் போகிற வழியில் பெரிய திரைகளின் முன்னால் பையன்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். செத்து விழுந்தவர்கள், மூன்று எண்ணுவதற்குள் எழுந்து ஓடினார்கள். கலியமூர்த்தி அங்கே மட்டும் வெகுநேரம் நின்றார். சபாபதி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

தோட்ட விளையாட்டின் அரங்கில் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு வினோதினி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். முத்திரைத் தாளை வாங்கிச் சத்தமாகவே படித்தாள்: "வடக்கே கோழிக்கூண்டு, தெற்கே வாத்துக்குளம், கிழக்கே சுற்றும் காற்றாலை, மேற்கே திரையின் ஓரம். இந்நான்கெல்லைக்கு உட்பட்ட பூசணித் தோட்டம், மாடு மூன்று, அதில் முட்டுவது ஒன்று..." சிரிப்பு பொங்கியது. அடுத்த தாள் இறப்புச் சான்று. தொப்பியைக் கழற்றி வைத்தாள்.

கைப்பேசியை வாங்கி எதையெதையோ தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினாள். "உங்க பேர்ல ஒரு கணக்கு தொறந்துட்டேன்பா. இதை அமுக்கினா தோட்டம் அதுக்கு வந்துடும். அப்புறம் இந்த ஃபோன் செத்தாலும் கவலையில்ல. தோட்டத்து வாசப் பலகையில மட்டும் அம்மா பேரு போயி உங்க பேரு வரும்."

'பழைய பெயரை நீக்கவா?' என்று திரை கேட்டது.

"அவ பேரே இருந்துட்டுப் போவட்டுமேம்மா."

"அதுக்கு இதுல வழியில்லப்பா. பழைய பேரை எடுத்தாத்தான் மாத்த முடியும்."

"அமுக்கு மாமா," என்றான் சபாபதி. "ஊருக்கெல்லாம் நீ இதானே சொல்ற?"

எத்தனையோ பேரின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிய கை. அவருடைய கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. பின்னால் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

கலியமூர்த்தி 'வேண்டாம்' என்பதைத் தொட்டார். தோட்டம் திரும்பி வந்தது. வாளியைத் தொட்டுப் பூசணிக்குத் தண்ணீர் விட்டார். பிறகு காகிதச் சுருளிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, உப்பிய கைப்பேசிக்கு இரண்டாவது கட்டாகப் போட்டார்.