அண்ணனும் மூச்சு முட்டிய காரும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதலில் போட்டோவைப் பார்ப்பீர்கள். அப்புறம் உங்கள் பெயர் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடுவீர்கள். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். தாராளமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வந்தவர்களைப் பசியோடு நிற்க வைத்துப் பேசுவது எங்கள் அண்ணனுக்குப் பிடிக்காத காரியம்.

அவர் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. கூடப்பிறந்தவள் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுது என்றும் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுதினால் பாதி அண்ணன்தான் வருவார். எனக்கு முழு அண்ணனும் வேண்டும்.

அண்ணன் பிறந்தது ஏற்காடு மலையில், மாரமங்கலத்தில். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, நிறையப் பாறை, அவ்வளவுதான் எங்கள் சொத்து. அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். படித்துக்கொண்டிருந்த அண்ணன் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். காபிக் குழி வெட்டும் ஆட்களுக்குத் தண்ணீர் சுமந்து, மேஸ்திரியாகி, கடைசியில் கணக்கு எழுதும் ரைட்டராக உயர்ந்தார். என்னைப் படிக்க வைத்தவரும் கல்யாணம் செய்து கொடுத்தவரும் அவர்தான். எனக்கு அப்பா முகம் நினைவில்லை. அந்த இடத்தில் அண்ணன் முகம்தான் இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் கழற்ற வேண்டும். சுவர்க் கடிகாரம், தையல் மெஷின், எஸ்டேட் ஜீப் என்று எதையும் விடமாட்டார். கழற்றுவார், துடைப்பார், திரும்ப மாட்டுவார். ஓடவும் செய்யும். ஆனால் மாட்டி முடித்த பிறகு நாலு போல்ட்டாவது மிஞ்சும். கேட்டால், "கம்பெனிக்காரன் சேத்தி வெச்சிருக்கான் கண்ணு, இதில்லாமலே ஓடும்" என்பார். மிஞ்சிய போல்ட்டுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். அண்ணி அதை ஊறுகாய் என்று நினைத்து ஒருநாள் விருந்தாளிக்கு எடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்த்தார். லீவில் வந்தபோது பெரிய டேப் ரெக்கார்டர் ஒன்று கொண்டுவந்தார். பாட்டுக் கேட்க உறவு சனமெல்லாம் கூடியிருந்தது. அண்ணன் அன்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார் என்பது யாருக்கும் தெரியாது. பொத்தானை அமுக்கியதும் பாட வேண்டிய ஆண் குரல் பூனைக்குட்டி மாதிரி கத்தியது. என் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும், "உங்கண்ணன் கை பட்டது எது உருப்பட்டிருக்குது?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இனி இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் காலையில் இருந்து கொல்லைப்புறமாக வந்தார்.

எங்கள் இரண்டு வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். தினமும் என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிப்பார். லீவில் வந்திருந்தால் முன்னறையில் என் வீட்டுக்காரர் பேப்பர் படிப்பார். அவர் இருமினால் இவர் தொண்டையைச் செருமுவார். நேராகப் பேச்சில்லை. ஆறேழு வருடம் நான்தான் நடுவில் தபால்காரி.

குவைத்தை முடித்துக்கொண்டு வந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. உள்ளே உட்கார்ந்தால் தரையில் சம்மணம் போட்ட மாதிரி இருக்கும். ஏற்காட்டில் அது போனால் காபி பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். சில மாதம்தான் அந்தச் சீர். அப்புறம் வண்டிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. சேலத்திலிருந்து மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் நின்றே போனது. பின்னால் வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். கண்டக்டர், "ஏனுங்க, இதுக்கு மாடு பூட்டற எடம் எங்கீங்க?" என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளையை இந்தக் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்துவருவேன் என்று இவர் சம்பந்தி வீட்டில் வாய் விட்டிருந்தார். எனக்குக் கார் கவலை இல்லை. என் கவலை வேறு. தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டிக் கைப்பிடித்து அழைத்துவராமல் எங்களில் பெண் மணவறை ஏற முடியாது. அந்தத் தாய்மாமனைப் பெண்ணின் தகப்பன் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய், வாய் திறந்து கூப்பிட வேண்டும். இவரோ, "நீயே கூப்பிட்டுக்க" என்கிறார். அண்ணனோ, "மாப்ள வாயத் தொறந்து ஒரு வார்த்த கூப்புடட்டும் அம்மணி, ஓடி வந்தர்றேன். இல்லாட்டி நான் ஊட்டுலயே இருந்து ஆசீர்வாதம் பண்ணிக்கறேன்" என்கிறார். மகள் என்னிடம் வந்து, "மாமா இல்லாட்டி எனக்குக் கல்யாணமே வேண்டாம்மா" என்று அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன்.

இவருடைய குவைத் நண்பர் போனில் காரின் நோயைச் சொன்னார். புகைக் குழாயில் இரண்டு டப்பா இருக்கிறதாம், கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்று பெயர், உள்ளே தேன்கூடு மாதிரி கண்கண்ணாக இருக்குமாம். நம் பக்கம் அப்போது கிடைத்த பெட்ரோலில் ஈயம் உண்டு. அது அந்தக் கண்களை அடைத்துவிட்டது, புகை வெளியே போக வழியில்லை. புதிதாக இரண்டு டப்பாவை ஊருக்கு வருகிற ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். சேலத்து ஒர்க் ஷாப்பில் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பிச்சுப் போட்டுட்டு வெறும் பைப்பு வெச்சுக்குங்க" என்றார்கள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. மலையில் ஜாக்கியும் ஸ்பேனரும் தீயைச் சீறுகிற ஊது விளக்கும் வைத்திருந்த ஒரே ஆள் அண்ணன்தான்.

இவர் என்னிடம், "உங்கண்ணன்கிட்டக் கேளு" என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கேட்டேன். அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது, ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. "வண்டிக்காகப் பண்றேன்னு சொல்லு."

கார் தரையோடு தரையாக இருந்தது. அடியில் ஆள் படுக்க முடியாது. அண்ணன் தன் ஷெட்டில் குழி வெட்ட எஸ்டேட் ஆட்களைக் கூட்டிவந்தார். அவர்கள் மண்வெட்டியை ஊன்றி நின்று, "என்ன செடிங்க ரைட்டரய்யா?" என்று கேட்டார்கள். காபிக்கு வெட்டி வெட்டிப் பழகிய கை. நீளமாக வெட்டினார்களே தவிர, அகலம் ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அதில் அண்ணனும் இவரும் இறங்கினார்கள். இரண்டு பேருக்கும் தொப்பை. முகத்துக்கு முகம் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பேச்சு மட்டும் என் வழியாக.

"இருபத்திரெண்டாம் நம்பர் ஸ்பேனரக் குடுக்கச் சொல்லு அம்மணி."

"வலப்பக்கம் வெச்சிருக்குன்னு சொல்லு."

"பாத்துட்டேன்னு சொல்லு."

நான் குழி மேட்டில் உட்கார்ந்து இந்த உத்தியோகம் பார்த்தேன். நட்டெல்லாம் துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, ஊது விளக்கில் சூடு காட்டி, தட்டித் தட்டிப் பழைய டப்பா இரண்டையும் இறக்கினார்கள். ஆட்டினால் உள்ளே கொத்தமல்லி விதை மாதிரி கடகடவென்றது. அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. கல்யாணத்துக்கு அதிரசப் பாகு ஏற்ற வேண்டியிருந்தது. அடுப்புக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் கரி பூசிய முகத்தோடு சமையலறை வாசலில் நின்றார். "டப்பா மேல பொக போற பக்கம் அம்புக்குறி போட்டிருக்குது. உங்கண்ணன் அதத் திருப்பி மாட்டறாரு. போய்ச் சொல்லு."

பாகு அப்போதுதான் கம்பி கட்டிக்கொண்டிருந்தது. நகர்ந்தால் பதம் போய்விடும். இதுநாள் வரை இல்லாத கோபம் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஏனுங்க, உங்களுக்கு வாயில்லீங்களா? இன்னிக்கு நான் வரமாட்டேன். அம்பு எந்தப் பக்கம் போனா எனக்கென்ன?" என்று கரண்டியை ஆட்டினேன். அவர் நின்று பார்த்தார். நான் திரும்பவே இல்லை. போய்விட்டார்.

அப்புறம் ஷெட்டிலிருந்து இவர் குரல், மலைக்கே கேட்கிற மாதிரி: "மச்சான்! அம்பு!"

அதைக் கேட்ட அதிர்ச்சியில் அண்ணன் பிடித்திருந்த டப்பாவை விட்டுவிட்டார். "மாப்ளே! உட்றாதீங்க! உட்றாதீங்க மாப்ளே!"

டப்பாவை இவர் பிடித்துவிட்டார். பேச்சும் பிடித்துக்கொண்டது.

"மொதல்லயே சொல்றதுக்கென்னங்க மாப்ளே?"

"நீங்கதான் பேசறதில்லையே!"

"நானா பேசறதில்ல? நீங்க பேசாததால நான் பேசல!"

"நீங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு போனீங்க!"

"பின்ன, அத்தன பேரு முன்னால என் கையப் பழிச்சா?"

ஆறேழு வருடத்துச் சண்டையையும் அந்தக் குழிக்குள் நின்று போட்டுத் தீர்த்தார்கள். டேப் ரெக்கார்டர் வந்தது, ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது, என் கல்யாணத்தில் யாருக்கோ வெந்நீர் கிடைக்காததுகூட வந்தது. பிறகு திடீரென்று அமைதி. ஒருவரை ஒருவர் ஸ்பேனரால் அடித்துக்கொண்டார்களோ என்று பாகை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அம்பைச் சரியாகத் திருப்பி வைத்து, இவர் தாங்கிப் பிடிக்க, அண்ணன் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். இவர் மேலே பார்த்தபடியே சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடியே வந்து நின்னு எல்லாம் பாத்துக்குங்க மச்சான்."

அண்ணன் கை நின்றது. கண் கலங்கியதை மறைக்க அதட்டினார். "தட்டு எங்கீங்க மாப்ளே? குழிக்குள்ள நின்னு கூப்புட்டா ஆச்சுங்களா?"

நான் ஓடிப்போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் எடுத்துவந்தேன். குழிக்குள் நின்றபடியே இவர் கொடுத்தார், அண்ணன் வாங்கிக்கொண்டார். அதிரசப் பாகு கருகிப்போனது. அன்றும் ஒரு போல்ட் மிஞ்சியது. இவரே அதை எடுத்து, "சேத்தி வெச்சிருப்பான் மச்சான்" என்றார்.

பெங்களூருக்குக் காபி மூட்டை ஏற்றிப் போகிற லாரிக்காரர் ஈயமில்லாத பெட்ரோலைக் கேனில் வாங்கிவந்து கொடுத்தார். கார் சீறிக்கொண்டு ஓடியது. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து அழைத்துவர இரண்டு பேரும் கிளம்பினார்கள். இருப்பதே இரண்டு சீட்டு, அதில் மாப்பிள்ளை எங்கே உட்காருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. போனவர்கள் வரவில்லை. மாப்பிள்ளை மாலையோடு கோயில் வாசலில் நின்று பார்த்து, கடைசியில் எஸ்டேட் ஜீப்பில் வந்து இறங்கினார். முகூர்த்தம் நெருங்குகிறது, பெண்ணுக்குத் தகப்பனும் இல்லை, தாய்மாமனும் இல்லை. "பேச்சு வார்த்தை இல்லைன்னாங்களே, மறுபடியும் சண்டையா?" என்று சம்பந்தியம்மா என் காதில் கேட்டார்.

ஆள் அனுப்பித் தேடினோம். வெள்ளக்கடை ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சும்மா ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனவர்களுக்குப் பேச்சுதான் முடியவில்லை. அண்ணன் ஓடிவந்து மருமகள் நெற்றியில் பட்டம் கட்டும்போது, "மாமா, மண்ணெண்ணெய் நாறுது" என்று என் மகள் சிரித்தாள். "பொறுத்துக்க சாமி" என்றார், கன்னமெல்லாம் கண்ணீர்.

அதன் பிறகு அண்ணன் முன்வாசல் வழியாகத்தான் வந்தார். எனக்குத் தபால் வேலை போனது, காபி போடுகிற வேலை இரட்டிப்பானது. கார் விற்றுப்போன பிறகும் சாயங்காலம் தவறாமல் அந்த இரண்டு டப்பாவைப் பற்றியே பேசினார்கள். கடைசி நாட்களில் சேலம் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவர் என் வீட்டுக்காரர்தான். கட்டிலை உயர்த்துகிற கைப்பிடியைத் தப்பாக மாட்டியிருக்கிறான் என்று அண்ணன் சொல்ல, இவர் குனிந்து பார்த்து ஆமாம் என்றார். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், மழையோடு வந்து தோள் கொடுத்த மாரமங்கலத்துப் பங்காளிகளுக்கும், அடுப்புப் பற்ற வைக்காத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், இந்தக் காரியத்தை எடுத்துச் செய்த எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

கூடவே ஒரு வேண்டுகோள். சாயங்காலமானால் என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் பேசினால் ம் என்கிறார். அந்தப் பக்கமாக வருகிறவர்கள் கொஞ்சம் உள்ளே வந்து வண்டியைப் பற்றி எதையாவது பேசிவிட்டுப் போங்கள். தப்பாகப் பேசினால் இன்னும் நல்லது. அவர் வாயைத் திறப்பார்.