வெயிலில் உருவிய சுருள்

இன்று மகள் சமையலுக்காக வினிகர் புட்டியைத் திறந்ததும், மானாம்பதி கடைத்தெருவில் அப்பா வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோவின், இதே புளித்த நெடியடிக்கும் இருட்டறையும், அதன் சிவப்பு பல்பும், கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிய ஈரப் படங்கள் சொட்டுகிற சத்தமும் மூக்கு வழியாகவே எனக்குள் வந்துவிட்டன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஏரியில் மீன் பிடிப்பதைப் படமெடுக்கப் போன அப்பா, குத்தகைக்காரரின் ஆட்கள் நான்கு பேர் ஒரு வலைக்காரரைக் கட்டையால் அடித்துச் சாய்த்ததையும் எடுத்துவிட்டார். மதியமே அந்த நால்வரும் ஸ்டுடியோவுக்குள் புகுந்து, கண்ணாடிகளை நொறுக்கி, கேமராவைத் தரையில் அடித்து, அப்பாவின் வலது கையை மேசைமேல் அழுத்தி இரும்பு ஸ்டாண்டால் இடித்தார்கள். கரும்பு ஒடிவதுபோல் விரல்கள் ஒடிந்தன.

"ரோலு எங்க கீது? சொல்றா!"

அப்பா மாட்டேன் என்று தலையாட்டினார். அம்மாதான் அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து, "இதான் நைனா, அவர வுட்டுடுங்க" என்று வாசல் வெயிலில், படமெல்லாம் அழிந்துபோக, முழுவதுமாக உருவிப் போட்டாள். அதை மிதித்துவிட்டுப் போனார்கள்.

"இன்னாம்மா அது?" என்றேன்.

"உன் காதுகுத்து ரோலு. இன்னும் கழுவவே இல்ல."

ஏரிச் சுருள் அவள் இடுப்புச் சொருகலில் இருந்தது. வலைக்காரர் பிழைக்கவில்லை, அந்தப் படங்களால் நால்வரும் ஜெயிலுக்குப் போனார்கள். அப்பாவின் விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. ஸ்டுடியோவையும் மூடினோம்.

அம்மாவோ, சாகும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் படத்த வெயில்ல போட்டுட்டனேடி" என்று என் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.