கோடையில் ஈரப் பட்டு

இருபத்திரண்டு நெசவாளிகளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியவன் நான்தான். அவர்களில் ஒருவர்கூட ஓர் இழையைத் திருடவில்லை. இது எனக்கு அன்றைக்கும் தெரியும், இன்றைக்கும் தெரியும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதை நான் எழுதவில்லை. மன்னிப்பதற்கு நீங்கள் யார்? உங்கள் வீட்டுப் பீரோவில் ஒரு காஞ்சிபுரம் பட்டு இருக்கிறதா, இல்லையா? அதை வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் எவ்வளவு நேரம் மல்லுக்கு நின்றீர்கள்? அந்தக் குறைந்த விலை யாருடைய வயிற்றிலிருந்து குறைந்தது என்று கேட்டீர்களா? சரி… அதை விடுங்கள். என் கதைக்கு வருகிறேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கம்பெனிக்கு நான் மேனேஜர். கம்பெனியின் பெயர் வேண்டாம். மெட்ராஸிலும் பெங்களூரிலும் பெரிய கடைகள். நெசவாளிகள் யாரும் எங்கள் கட்டடத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. தறி அவரவர் வீட்டில். சாயம் போட்ட பட்டு நூலை நாங்கள் நிறுத்துக் கொடுப்போம். அவர்கள் நெய்து சேலையாகக் கொண்டுவந்தால் மறுபடியும் நிறுப்போம். கழிவுக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுப்பது உண்டு. அதற்கு மேல் எடை குறைந்தால், நெசவாளிகள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும், பட்டு திருட்டுப் போயிருக்கிறது என்று.

நான் வேற்று ஊர்க்காரன் இல்லை. அதே பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவன்தான். என் அப்பாவும் தறிக்காரர். நான் பி.காம். படித்தேன், பேனா பிடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் எல்லோரும் என்னை நம்பினார்கள். அதை வைத்துத்தான் நானும் பிழைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் கச்சாப் பட்டின் விலை ஏறியது. கடைகளில் சேலைகள் தேங்கின. முதலாளி மெட்ராஸிலிருந்து காரில் வந்து இறங்கினார். தம் பங்களாவுக்கு மேல்மாடி எழுப்பிக் கொண்டிருந்தார் அவர், அந்தச் சமயத்தில்.

“இருபது தறியாவது நிறுத்தணும்பா” என்றார்.

“நெசவாளர் சங்கத்தோட ஒப்பந்தம் இருக்குதுங்களே. தறியை நிறுத்தினா மூணு மாசக் கூலி கொடுத்தாகணும்.”

“திருடனுக்குமா கொடுத்தாகணும்?”

கேட்டுவிட்டு இளநீர் குடித்தார். கோயிலுக்குப் போக நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். அவர் எனக்கு எந்தக் கட்டளையும் இடவில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய மனிதர்கள் அப்படித்தான். வழியைக் காட்டிவிட்டுச் சாமி கும்பிடப் போய்விடுவார்கள். அந்த வழியில் நடப்பதற்கு என்னைப் போல் ஒருவனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள்.

நான் நடந்தேன்.

பட்டு தண்ணீர் குடிக்கும். அடைமழைக் காலத்தில் காற்றின் ஈரத்தையே குடித்து எடை கூடிவிடும். எந்தத் தறிக்காரருக்கும் இது தெரியும், அந்த மாதங்களில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். சித்திரை வெயிலில் ஈரத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? கிடங்கின் பின்னறையில் நனைத்த கோணிச் சாக்குகளைத் தொங்கவிடச் சொன்னேன். தரையில் தண்ணீர் நிரப்பிய அண்டாக்கள். கோடைச் சூட்டில் சாயம் கெடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று வேலையாட்களிடம் சொன்னேன். இருபத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தேன். சங்கக் கூட்டத்தில் கை தூக்கியவர்கள், கண் மங்கியவர்கள், கூலி உயர்வு கேட்டவர்கள். அவர்களுக்கு மட்டும் அந்த அறையில் கிடந்த பட்டு.

மிச்ச வேலையை வெயில் பார்த்துக் கொண்டது. தறியில் இரண்டு வாரம் கிடந்தால் ஈரம் தானாக ஓடிவிடும். சேலை வந்தது, எடை குறைந்தது. முப்பது கிராம், நாற்பது கிராம்… தராசிலும் குற்றமில்லை, எடைக்கல்லிலும் குற்றமில்லை. யார் வேண்டுமானாலும் சோதித்துக் கொள்ளட்டும் என்று தைரியமாகச் சொன்னேன். இருபத்திரண்டு தறிகளையும் நிறுத்தினேன்; ஒரு தறிக்குக்கூட மூன்று மாதக் கூலி கொடுக்கவில்லை. சங்கம் வாயைத் திறக்கவில்லை. திருடனுக்கு எவன் கொடி பிடிப்பான்?

அந்தத் தீபாவளிக்கு என் சம்பளம் இரட்டிப்பானது. கம்பெனி செலவில் ஓர் அம்பாசடர் கார் என் வாசலில் வந்து நின்றது. நான் தூக்கம் கெட்டுத் தவித்தேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? நன்றாகத் தூங்கினேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்தார்கள். இத்தனை கோயில் இருக்கிற ஊரில் ஒரு சாமியும் என் கண்ணைக் குத்தவில்லையே!

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று உங்களில் இரக்கமுள்ள யாராவது எனக்காகப் பேச வரலாம். வேண்டாம். அம்புக்குச் சம்பளம் கிடையாது. எனக்கு இருந்தது.

இதுவரை சொன்னதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. எல்லாக் கம்பெனியிலும் எவனோ ஒருவன் இதைச் செய்கிறான். என்னால் விழுங்க முடியாதது வேறு.

அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர் ஏகாம்பரம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேனேஜரான பிறகும் என்னைத் ‘தம்பி’ என்றே கூப்பிடுவார். மற்றவர்களெல்லாம் எடை குறைந்ததும் கத்தினார்கள், சிலர் அழுதார்கள். ஏகாம்பரம் சத்தமே போடவில்லை. எடைக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். தட்டுகளை மாற்றிப் போட்டு நிறுத்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தராசு சரியாத்தான் இருக்குது தம்பி” என்றார்.

என் மேல் சந்தேகப்பட்டிருக்கலாம். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் அதைச் செய்யவில்லை! பிறந்ததிலிருந்து தராசை நம்பியே வாழ்ந்தவர். தாம் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தராசு பொய் சொல்லவில்லை. தம் தெருப் பையன் ஏமாற்ற மாட்டான். அப்படியானால் மிச்சம் யார்? அந்த வீட்டில் பட்டைத் தொட்டவர்கள் இரண்டே பேர். தறியில் உட்கார்ந்து நெய்த அவர், ஊடைக்கான நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக் கொடுத்த அவர் மனைவி கன்னியம்மாள்.

நூல் கழிவு வாங்குகிறவன் எங்கள் தெருவில் சைக்கிளில் வருவான். கன்னியம்மாள் ஒரு நாள் அவனோடு வாசலில் நின்று பேசிக் கொண்டிருந்ததை ஏகாம்பரம் பார்த்திருக்கிறார். அது போதுமாயிருந்தது அவருக்கு.

நாலாம் நாள் கன்னியம்மாள் கம்பெனிக்கு வந்தாள். கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

“நான் எடுக்கல மேனேஜர் சார். அவரு நம்ப மாட்டேங்கிறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

“நான் என்னம்மா சொல்றது?”

“எடையில எதுனா தப்பு நடந்திருக்கும்னு சொல்லுங்க, போதும். நீங்க சொன்னா கேட்டுக்குவாரு.”

அவள் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. என்னிடம் உதவி கேட்டு வந்தாள். என்னிடம்…!

“தராசு பொய் சொல்லாதும்மா” என்றேன்.

அந்த வாரமே ஏகாம்பரம் அவளை மாகறலில் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேறு எந்த முதலாளியும் அவருக்குப் பட்டுக் கொடுக்கவில்லை. திருட்டுப் பட்டம் கட்டிய தறிக்கு யார் கொடுப்பார்கள்? அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். மூன்று வருஷம்.

மூன்று வருஷம் கழித்துச் சேலைக்குக் கிராக்கி வந்தது. முதலாளி டெலிபோனில் பேசினார்.

“பழைய ஆளுங்கள்ல நல்ல கையா பார்த்துக் கூப்டுபா. கூலிய மட்டும் கொஞ்சம் கொறச்சே பேசு. திருட்டுப் பேரு இருக்கிறவன் பேரம் பேச மாட்டான்.”

என்ன மூளை பாருங்கள்! நான்கூட அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்பினேன். குறைந்த கூலிக்கு உடனே ஒப்புக்கொண்டு, என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“மாகறலுக்கு ஒரு தபா போய்ட்டு வரணும் தம்பி. நான் கூப்ட்டா வர மாட்டேங்கிறா. இன்னும் எடுக்கவே இல்லைன்னு சாதிச்சுக்கினு இருக்கிறா. எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், நான் எல்லாத்தையும் மறந்துடறேன். பெரிய மனுசன் நீங்க சொன்னா கேப்பா.”

அம்பாசடரில் போனேன். கன்னியம்மாள் அண்ணனுடைய கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துக் கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். வந்த காரியத்தைச் சொன்னேன்.

“எடுத்தேன்னு சொன்னாத்தான் இட்டுக்கினு போவாராமா?”

“ஆமாம்மா.”

“நான் எடுக்கலையே சார்.”

சுற்றிலும் யாருமில்லை. டிரைவர் தூரத்தில் சாலையில் நின்றிருந்தான். ‘தெரியும் தாயே, நீ எடுக்கவில்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம்… சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு தறியின் உண்மை மற்ற இருபத்தொரு தறிக்கும் ஓடியிருக்கும். சங்கம் வந்திருக்கும், போலீஸ் வந்திருக்கும். முதலாளி என்னைத் தெரியாது என்றிருப்பார். இவ்வளவையும் யோசிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? அவள் மண் கையை முந்தானையில் துடைத்துக் கொண்டிருந்த நேரம்தான்.

“நீங்களே சொல்லுங்க சார். அண்ணிகிட்ட பேச்சு வாங்கிக்கினு இங்க சோறு துன்றதா, செய்யாதத செஞ்சேன்னு சொல்லிட்டு அங்க போறதா?”

“ஒத்துக்கோம்மா” என்றேன். “குடும்பம் முக்கியம்.”

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். வீட்டுக்குள் போய்த் துணிமூட்டையோடு வந்தாள். காரில் சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். பிள்ளையார்பாளையத்தில் இறங்கியதும், கணவன் முன்னால், என் முன்னால், வேடிக்கை பார்க்க வந்த நாலு பேர் முன்னால் சொன்னாள்.

“நான்தான் எடுத்தேன்.”

ஏகாம்பரம் அழுதுவிட்டார். மறுநாள் வெற்றிலை பாக்கு, பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்த புண்ணியவான் என்று தெருவே என்னைப் புகழ்ந்தது. சங்கத் தலைவர்கூட வந்து கைகுலுக்கினார்.

இப்போது நீங்கள் பேசுங்கள். போய் உண்மையைச் சொல் என்பீர்கள். எளிதாகச் சொல்லிவிடுவீர்கள், உங்கள் சம்பளமா போகப் போகிறது? நான் போகமாட்டேன். அந்த வேலையில்தான் இருக்கிறேன், அந்தக் காரில்தான் போகிறேன். உங்களிடம் சொல்ல எனக்குப் பயமில்லை, நீங்கள் பிள்ளையார்பாளையத்தில் இல்லை. இவன் கோழை என்று சொல்லுங்கள், கேட்டுக் கொள்கிறேன். ஆனால் ஒன்று. உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒரு முதலாளி கோயிலுக்குக் கிளம்பும்போது, உங்களைத் திரும்பிப் பார்ப்பார். அன்றைக்கு வந்து என்னோடு பேசுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண ஆர்டர் விஷயமாக ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தறிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மரப்பெட்டி, பூட்டோடு. ராட்டையில் பக்கத்து வீட்டுப் பெண் கூலிக்குத் தார் சுற்றிக் கொண்டிருந்தாள். ஏழு வயதிலிருந்து தார் சுற்றிய கன்னியம்மாள், எனக்கு மோர் எடுத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள்.

“இப்பல்லாம் எடை ஒரு கிராம் கொறையறது இல்ல, பாத்தீங்களா தம்பி?” என்றார் ஏகாம்பரம் பெருமையாக. “பட்டு கிட்டயே இவள வுடறது இல்ல.”

அவள் டம்ளரை நீட்டியபடி நின்றாள். “நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு, அந்த மோரை வாங்கி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.