உரித்துப் போட்ட பெயர்கள்

நவராத்திரித் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்க இருபது குங்குமச் சிமிழ் வாங்கினேன். டெல்லியில் எங்கள் லோதி ரோடு ஆபீஸில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு சிறப்புப் பள்ளிக்காரர்கள் போட்டிருந்த ஸ்டால் அது. கையால் பூ வரைந்த மரச் சிமிழ்கள். அடியில் வரைந்தவர் பெயரும் பள்ளியின் பெயரும் போட்ட ஸ்டிக்கர்.

'தர்மத்துக்கு வாங்கினதை நம்ம தலையில கட்டறா'னு யாராவது நினைத்தால்? அத்தனை ஸ்டிக்கரையும் உரித்துக் குப்பையில் போட்டேன்.

கொலுவுக்கு எதிர் பிளாக் கல்யாணி அக்கா, மகள் நித்யாவோடு வந்தார். நித்யாவுக்கு இருபது வயது; பேச்சு நிதானமாகத்தான் வரும். அவள் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

சிமிழை வாங்கியதும், "அம்மா, நான் வரைஞ்சது!" என்று சிரித்தாள். திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "மேரா நாம்?"

"அடியில இவ பேர் இருக்குமே?" என்றார் அக்கா.

"ஸ்டிக்கர் உரிஞ்சு விழுந்திருக்கும்க்கா." கூசாமல் பொய் சொன்னேன்.

நித்யா நம்பிவிட்டாள். "அச்சா" என்று என் மகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். அதோடு விடவில்லை. தட்டில் மீதியிருந்த சிமிழ்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது ரவி... இது ஷபானா..." என்று பூவை வைத்தே ஆளைச் சொல்லி, அடியில் பெயர் எழுதிக்கொண்டே போனாள்.

இருபதையும் பார்த்துப் பார்த்து வாங்கினதாக நினைத்திருந்தேன். ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.