தக்கையில்லாத தூண்டிலும் என் வலது கையும்

நான் ஆட்களோடு அதிகம் பேசிப் பழகாதவன். ஆற்றங்கரையில் பேச வேண்டியதில்லை என்பதால்தான் மச்சானோடு மீன் பிடிக்கப் போக ஆரம்பித்தேன். மச்சான் என்றால் என் பெண்சாதியின் தம்பி; அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டு கிடையாது என்பதால் விடிந்ததும் மண்புழுவைத் தோண்டிக்கொண்டு கதவைத் தட்டுவான்.

முன்பெல்லாம் தூண்டிலில் தக்கை கட்டித்தான் போடுவோம். தக்கை அமுங்கினால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வருஷம் ஹாலிஎல பக்கம் ரயில் பாதைக்காக மலையை வெட்டி மண்ணைக் கீழே தள்ளினார்கள். பதுளை ஓயா செங்கல் நிறத்தில் ஓடியது. மழைத் தண்ணீரும் சேர்ந்ததால் இழுப்பு அதிகம். மீன் கொத்தாமலே தக்கை உள்ளே போனது. மீன்களெல்லாம் பாறைக் குழிகளில் அடியோடு அடியாகப் படுத்துக்கொண்டன.

மச்சான் தக்கையை அறுத்துவிட்டு ஒரு ஈயத் துண்டைக் கட்டினான்.

"இனி கண்ணுக்கு வேலை இல்ல மச்சான். நூலை ஆள்காட்டி வெரல் மேல போட்டுக்கிட்டுச் சும்மா இருங்க. கொத்துறது வெரலுக்குத் தெரியும்."

சும்மா இருந்தேன். அவன் கெளுத்தியாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் நூலை எடுக்கும்போதெல்லாம் முள்ளில் புழு இல்லை.

"என்னா மச்சான், மீனுக்கு விருந்து வைக்கிறீங்களா? ஒங்க வெரல்ல உசுரு இருக்கா இல்லயா?"

நானும் சிரித்தேன். அவன் தன் நூலைக் கொண்டுவந்து என் வலது கை விரல் மேல் வைத்தான். "இந்தா, இப்பக் கடிக்குது பாருங்க. இதோ. இதோ மறுபடியும்." நூல் துடிப்பதை என் கண் பார்த்தது. விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மரக்கிளையில் நூல் கிடப்பதைப் போலத்தான் இருந்தது.

"ஆமா, தெரியுது" என்றேன்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழி முழுவதும் கீழ் லயத்துக் கடைசிக் காம்பராதான் நினைவில் இருந்தது. முந்தின வருஷம் அங்கிருந்த ஒருவருக்கு இப்படித்தான் கை மரத்துப் போனது. பிறகு தோலில் வெளிறிய தேமல் வந்தது. தோட்டத்து டாக்டரய்யா பார்த்துக் குஷ்டம் என்று எழுதிக் கொடுத்தார். மாட்டு வண்டியில் பதுளைக்கும், அங்கிருந்து கொழும்புக்கு அப்பால் உள்ள குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய பெண்சாதி தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்பார்கள். அவள் ஒருநாளும் யாரையும் ஏசியதில்லை. எல்லோரும் எடுத்துப் போகும்வரை தள்ளி உட்கார்ந்திருப்பாள். நான் போய்விடுவதைவிட, என் பெண்சாதி அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் தேயிலைச் செடிகளைக் கத்தியால் கவ்வாத்து வெட்டும் மலையில் ஒதுங்கி நின்று, தூண்டில் முள்ளால் விரலைக் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

அதற்குப் பிறகு நூலை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். வலது பக்கம் பாறை இடிக்கிறது என்று மச்சானிடம் சொல்லிவைத்தேன். இடது விரல்தான் எனக்கு எல்லாம் கற்றுத் தந்தது. ஈயம் அடியில் உருளும்போது ஒரே சீராகக் கரகரக்கும். அது மீன் இல்லை. பொடிக் கெண்டைகள் கொத்தினால் அரிசியை விரல் மேல் தூவுவது போலிருக்கும். நண்டு பிடித்தால் மெல்ல ஒரு கனம் ஏறும், துடிப்பு இருக்காது. கெளுத்தி இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இழுக்கும். சில நேரம் ஒன்றும் இழுக்காது, நூல் திடீரென்று தளரும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு நம் பக்கமாகவே வருகிறது என்று அர்த்தம். இது பிடிபடத்தான் எனக்கு அதிக நாள் ஆனது.

"இப்ப வெரலுக்கு உசுரு வந்துருச்சு" என்று மச்சான் மெச்சினான். இடது கை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள, வலது கை எவ்வளவு செத்துக் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது.

ஒருநாள் காலையில் பெண்சாதி தகரக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். வலது கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, சுடலயா?"

அவள் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்க் கையை முழங்கைவரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முதுகைப் பார்த்தாள். தேமல் எதுவும் இல்லை.

"டாக்டரய்யாகிட்டப் போவோமா?"

"போனா எழுதிருவாரு."

அவள் முந்தானையால் என் விரலைத் துடைத்தாள், ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதைப் போல. "கவ்வாத்து முடியட்டும். கத்தி பிடிச்சுப் பிடிச்சுக்கூட இப்புடி ஆகும். தம்பிகிட்ட வாயத் தொறக்காதீங்க. அவனுக்கு வயித்துல ஒண்ணும் நிக்காது."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை முதல் வீச்சை மட்டும் வலது விரலில் போட்டுப் பார்ப்பேன். பிறகு இடது கைக்கு மாற்றிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு மீனைக் கொடுப்பேன். அவள் அதை எடுத்துக்கொண்டு அரிய உட்காருவாள்.

கவ்வாத்து முடிந்தது. என்னைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குப் பிடிக்கப் போட்டார்கள். சில வாரங்கள் கழிந்தன. ஆறு கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல முதல் வீச்சை வலது விரல் மேல் போட்டேன். துணிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ தொட்டது போல ஒரு தட்டு. பிறகு இன்னொன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இழுங்க மச்சான்! நூல் ஓடுது, இழுங்க!"

நான் இழுக்கவில்லை. மறுபடி தட்டட்டும் என்று இருந்தேன். தட்டியது. முள்ளைச் சுத்தமாக நக்கிவிட்டு அது போகும்வரை அப்படியே இருந்தேன். புழுவைக் குத்தி அதே விரலில் மறுபடி போட்டேன். அதையும் மீனுக்கே கொடுத்தேன். மத்தியானம்வரை இதேதான். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "புழுத் தோண்டுற கஷ்டம் ஒங்களுக்கென்ன தெரியும்?" என்று புழு இருந்த தகரத்தை எடுத்துக்கொண்டு வேறு பாறைக்குப் போய்விட்டான்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். இடது கைக்கு மாறியதிலிருந்து அப்படி வந்ததில்லை. வாசலில் நின்றவள் என் கையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இடது கையும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். வலது விரலை அவள் முன்னால் நீட்டினேன். அவள் அதை நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். நான் கத்தியது அடுத்த காம்பராவரை கேட்டிருக்கும்.

வலது கையில் நடுவிரல் நுனி மட்டும் இன்றைக்கும் பனிக் காலத்தில் மரத்துப் போகிறது. கத்திப்பிடியால் வந்ததா, வேறு எதனாலாவதா என்று யாரையும் நான் கேட்டதில்லை. அப்படி மரத்துப் போகிற காலைகளில் அவளிடம் சொல்லாமல் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறேன்.