பாதியில் வந்த வேணு

போன செவ்வாய்க்கிழமை மதியம், நான் எழுத்தராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் வாசலில் ஜமால் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். பழவேற்காடு கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். வியாபார நேரத்தில் கடையை விட்டு இறங்காத மனிதர்.

"வேணு போய்ட்டான் சேகரு," என்றார். "மஞ்சக் காமாலயாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலேந்து காலையில வூட்டுக்கு எடுத்தாந்துட்டாங்களாம்."

பொன்னேரிக்கு ஒரு பஸ், கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பஸ், வேணுவின் ஊரான ஆரம்பாக்கத்துக்கு ஒரு பஸ். மூன்றும் மாறி இருவரும் போய்ச் சேர்ந்தோம். சாவு வீட்டுப் பந்தலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக் காதருகே சொன்னார்: "நல்ல மனுஷன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா இவன் பாதியில வந்துதானே நம்ம டீமு கெட்டுது?"

பிணத்தை இன்னும் குளிப்பாட்டவில்லை. அதற்குள் இந்தப் பேச்சு. இருபது வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், படகுத்துறையில். இனி கேட்க மாட்டேன். வேணுவைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இதை எழுத என்னைவிடத் தகுதியானவன் யாரும் இல்லை. அவர் வந்ததால் அணியில் இடத்தை இழந்தவன் நான்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. படித்த காலத்தில் பள்ளி மைதானத்தில் பழகிய ஆட்டத்தைப் படிப்பு முடிந்த பிறகும் விடாமல் ஆடியவர்கள் நாங்கள். வளையத்துக்கு வலை வாங்க வேண்டியதில்லை, எங்கள் குப்பத்து ஆட்களே பின்னித் தந்துவிடுவார்கள். ஜமால் கேப்டன். அவருடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேர், குப்பத்திலிருந்து நாங்கள் மூன்று பேர். மொத்தம் ஆறு பேர்தான். பொன்னேரியில் நடந்த லீக்கில் அந்த வருடம் பாதி ஆட்டங்கள் முடிந்தபோது நாங்கள் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அந்தச் சமயத்தில் ஆரம்பாக்கத்து அணி ஆள் இல்லாமல் கலைந்தது. கலைந்த அணியின் ஆட்டக்காரரை வேறு அணி சேர்த்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. ஜமால் யாரிடமும் கேட்காமல் அதில் ஆடிய வேணுவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சொன்னார்: "சேகரு, இனிமே நீ வெளியில உக்காருவ. வேணு ஆடுவான்."

என் கோபத்துக்கு இரண்டு காரணம். ஒன்று, என் இடம் போனது. மற்றது இன்னும் பெரியது. எங்கள் பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாள் எந்த இடத்தில் இறாலுக்கு வலை கட்டலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். அந்த வருடத் தொடக்கத்தில் பாடு பற்றிய தகராறில் எங்கள் ஆட்களும் மேற்குக் கரை ஆட்களும் நடு ஏரியில் கழிகளோடு மோதிக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று இங்கே பேசப்போவதில்லை. என் அண்ணனின் வலது மணிக்கட்டு உடைந்தது. வேணு மேற்குக் கரைக்காரர்.

முதல் நாள் பயிற்சியில் பந்தைத் தராமல் நேராகக் கேட்டேன். "அந்தச் சண்டையில நீ இருந்தியா?"

"இருந்தேன்," என்றார். கண்ணை எடுக்கவில்லை. "என் கையிலயும் கழி இருந்துச்சு. உங்கண்ணன நான் அடிக்கல. ஆனா அடிச்சவனத் தடுக்கவும் இல்ல நைனா."

எல்லாரையும் அவர் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டில் பாதித் தெலுங்கு. அன்று அந்தச் சொல் எனக்கு எரிச்சலாக இருந்தது. "இத எங்கண்ணன்கிட்ட வந்து சொல்லுவியா?" என்றேன். பின்வாங்குவார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு "வா, போலாம்," என்றார்.

எங்கள் வீட்டு வாசலில் நின்று, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை அண்ணனிடம் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. அண்ணன் கையில் கட்டு பிரித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. "இன்னா தைரியத்துல இங்க வந்த?" என்று கேட்டார்.

"உங்க தம்பியோட ஆடப் போறேன்ணா. ஒளிஞ்சிக்கினு ஆட முடியாது."

அண்ணன் உள்ளே திரும்பி அண்ணியிடம், "இன்னொரு தட்டு வை," என்றார்.

அதற்காக அவர் வந்ததும் அணி ஜொலித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் தோற்றோம். அவர் பந்தை அனுப்பிய இடத்தில் எங்கள் ஆள் இருக்க மாட்டார். எங்கள் ஆள் ஓடிய இடத்துக்கு அவர் அனுப்ப மாட்டார். பழகிய கூட்டத்தில் புது ஆள் நுழைந்தால் கொஞ்ச நாள் குழப்பம்தான். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஜமால் மட்டும் அசையவில்லை. "நடு ஏரியில ஆள் மாறி உக்காந்தா தோணி ஆடத்தான் செய்யும். ஆடுதுன்னு குதிச்சிடுவியா?" என்றார்.

மூன்றாவது ஆட்டத்திலிருந்து தோணி நிலைக்கு வந்தது. வேணு அதிகம் கத்த மாட்டார், கூப்பிட மாட்டார். கண்ணைப் பார்ப்பார். பார்த்த திசைக்கு நாம் ஓடினால் பந்து அங்கே இருக்கும். பயிற்சியில் என்னைத்தான் தனக்கு எதிராக நிறுத்தச் சொல்வார். "நீதான் என்மேல கோவமா கீற. நீதான் சரியாத் தடுப்ப," என்பார். நானும் முழங்கையால் இடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடி வந்தார். அந்த மூன்று வாரங்களில் நான் ஆடக் கற்ற அளவு அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் கற்கவில்லை. தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தோம். கடைசி லீக் ஆட்டத்தையும் ஜெயித்தால் அரையிறுதி.

அப்போதுதான் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம் பெயரில் மேற்குக் கரைக்காரன் ஆடுவதா என்று பேச்சு. அவனோடு சேர்ந்து ஆடும் குடும்பத்துக்கு அடுத்த பாடு கிடையாது என்று தீர்ப்பு. குப்பத்துப் பையன்கள் இரண்டு பேரும் மறுநாளே நின்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஜமாலுக்கும் அவர் தம்பிகளுக்கும் பாடு என்பதே இல்லை. மிஞ்சியவர்களில் இழக்க ஏதாவது இருந்தவன் நான் ஒருவன்தான். நான் இல்லாவிட்டால் ஐந்து பேர் சேராது.

அண்ணனிடம் போய் நின்றேன். அவர் இடது கையால் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கை ஒடிஞ்சது எனக்கு," என்றார். "எனக்கே இல்லாத கோவம் ஊருக்கு இன்னாத்துக்கு? போய் ஆடு."

அந்தப் பாடு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் அந்த நாட்களில் இன்னொருவர் தோணியில் கூலிக்குப் போனார். அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

கடைசி ஆட்டம் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொழிற்சாலை அணியோடு. அவர்கள் பத்து பேர். நாங்கள் ஐந்து பேர், மாற்றாள் கிடையாது. இரண்டாம் பாதியின் நடுவில் ஜமாலின் தம்பி ஒருவர் ஐந்தாவது பவுல் வாங்கி வெளியேறினார். நான்கு பேரானோம். ஆட்டம் முடிந்துவிட்டது என்று பார்த்தவர்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். வேணு எங்கள் மூவரையும் பார்த்து, "நாலு பேர் போதும். தோணிக்கு நாலு பேர்தான்," என்றார். போனவர்கள் திரும்பி வந்து உட்காரும்படி ஆடினோம். வேணுவின் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் காலுறைவரை இறங்கியிருந்தது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். சில வினாடிகள்தான் பாக்கி. பந்து வேணுவிடம். அவர்மேல் இரண்டு பேர் பாய்ந்தார்கள். வளையத்துக்குக் கீழே நான் தனியாக நின்றேன். என் கண்ணைப் பார்த்தார். இரண்டு பேருக்கு நடுவிலிருந்து பந்து புறப்பட்டு நேராக என் நெஞ்சுக்கு வந்தது. ஒரு குழந்தைக்குக் கொடுப்பதுபோல அவ்வளவு சரியாக வந்தது. எறிந்தேன். பலகையில் பட்டு, வளையத்தின் விளிம்பில் உருண்டு, வெளியே விழுந்தது. விசில் ஊதினார்கள்.

நான்தான் தவறவிட்டேன்.

பொன்னேரி பஸ் நிலையத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "ரிங்கு கண்ணெதிர்ல கீது. தானே போட்டிருக்கலாம். எதுக்குப் பாஸ் குடுத்தான்? வேணும்னே தோக்கடிச்சான். எதிர்க்கரைக்காரன் புத்தி." இன்னொருவர், "பாஸும் சரியில்ல, தலைக்கு மேல போச்சு," என்றார். நான் இரண்டடி தூரத்தில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்ட வேண்டிய அவசியமே இல்லை. 'இல்லை, பாஸ் சரியாக வந்தது' என்று சொல்ல நான்கு சொற்கள் போதும். சொல்லவில்லை. ஜமால் அப்போது பஸ் நேரம் விசாரிக்கப் போயிருந்தார். வேணு பக்கத்திலேயே நின்றார். எல்லாவற்றையும் கேட்டார். கும்மிடிப்பூண்டி பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

அடுத்த வருடம் அணி இல்லை. கெடுத்தது வேணுவாம்! கூட்டம் போட்டு இரண்டு பேரைப் பறித்தது யார்? அந்தத் தீர்ப்பை அடுத்த வருடமும் திரும்பப் பெறாதது யார்? பாதியில் வந்த ஆள் ஓர் அணியைக் கெடுக்க முடியாது. வந்தவனை ஏற்காதவர்கள்தான் கெடுக்க முடியும். இதை நான் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சொல்லத் தயார்.

நான்கைந்து வருடம் கழித்துப் பொன்னேரி ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையில் மகளைப் பிடித்திருந்தார். குழந்தைக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்: "அன்னிக்கு பஸ் ஸ்டாண்ட்ல நான் பேசியிருக்கணும் வேணு."

'விடு நைனா, பழைய கதை' என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தானே எல்லாரும் சொல்வார்கள்.

"ஆமா," என்றார். "பேசியிருக்கணும்."

"இப்ப இன்னா பண்றது?"

"இப்பப் பேசு. தோத்ததுக்கு இல்ல. தோக்கறது பெரிய விஷயம் இல்ல. நான் வேணும்னே தோக்கடிச்சேன்னு சொல்றாங்க பாரு, அதுக்குப் பேசு."

ரயில் வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினார். கோபம் இல்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை. நான் பேசுகிறேன் என்று தலையாட்டிவிட்டு ஊருக்கு வந்து மறுபடியும் பேசாமலே இருந்தேன்.

பந்தலில் அந்த மனிதர் காதருகே சொன்னபோது எழுந்து நின்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. "பாஸ் சரியா வந்துச்சு. உட்டது நானு. வேணு இல்ல." பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாவு வீட்டில் இது முறையா என்று ஒருவர் அதட்டினார். வேணுவின் மகள், இப்போது வளர்ந்த பெண், அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னொரு தபா சொல்லுங்க மாமா," என்றாள்.

சொன்னேன்.

வேணுவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ரயிலடியில் அவர் சொன்ன 'ஆமா'தான். என் மனம் நோகக் கூடாதே என்று அவர் அதை மாற்றிச் சொல்லவில்லை. நானும் இனி யாருக்காகவும் மாற்றிச் சொல்வதாக இல்லை.