தேருக்கு வழிவிட்ட பாலம்

எங்கள் ஊர் ஓடைப் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. இரண்டு பக்கமும் குழியில் நட்ட கல்தூண்கள்தான். தேரோட்டத்தன்று காலையில் அவற்றைப் பிடுங்கி ஓரத்தில் கிடத்துவார்கள். மறுநாள் திரும்ப நடுவார்கள். கம்பத்துக்கும் குமுளிக்கும் போகிற வெளியூர்க்காரர்கள், "பாலத்துக்குப் பல் பிடுங்குகிற ஊர்" என்று கேலி பேசுவதுண்டு. பேசட்டும். எனக்கு அந்தக் கற்களைப் பார்த்தால் எங்கள் பிரசிடெண்டு ஞாபகம்தான் வரும்.

நான் பஞ்சாயத்து போர்டில் குமாஸ்தாவாக இருந்தேன். பிரசிடெண்டு நிலக்கடலை வியாபாரி. குரல் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. ஐப்பசி பிறந்தால் மலைத் தண்ணீர் எங்கள் கடைவீதி வழியாகத்தான் இறங்கும். வீதிக்கு வடிகால் இல்லை, ஓடைக்குப் பாலம் இல்லை. வண்டிகள் அச்சுவரை புதைந்து நிற்கும். ஓடைக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு மழை ஓய்கிறவரை சந்தையும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. தேருக்கு மாலை கட்டிக் கொடுக்கிற பூக்காரம்மாவின் வீடு அந்தக் கீழத்தெருவில்தான். ஓடை வறண்ட சித்திரையிலும் அந்தச் சரிவில் தேரை இறக்க முடியாது, கரையோடு திரும்பிவிடும். தான் கட்டிய மாலையை அவள் அக்கரையில் நின்றே பார்ப்பாள்.

பாலத்துக்கும் வடிகாலுக்கும் பாதிச் செலவை ஜில்லா போர்டு ஏற்பதாகச் சொன்னது. மீதி ஊர் பொறுப்பு. ஊரில் இருந்த ஒரே பொதுப் பணம் மகமை. சந்தையில் விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் எடுத்துவைப்பது. தேருக்குப் புதுச் சக்கரம் போட அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைத்தான் பிரசிடெண்டு கேட்டார். கூட்டத்தில் ஒரே கூச்சல். "சாமி காசுல சாக்கடை வெட்டச் சொல்றாகளே!" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

மிளகு கொண்டுவருகிற உத்தமபாளையத்து ராவுத்தர் அமைதியாகச் சொன்னார்: "மழைக்கு எது யாரு மூட்டைன்னு தெரியுமாக்கும்? எம்மூட்டைக்கு எடுத்த மகமையும் அதுல கெடக்கு. அத மொதல்ல பாலத்துக்கு எடுத்துக்கங்க."

கூட்டம் சற்று அடங்கியது. அந்தச் சமயம் பார்த்துப் பிரசிடெண்டு வாக்குக் கொடுத்துவிட்டார். "இந்தப் பாலத்து மேல தேரு கீழத்தெருவுக்குப் போகும். போகலேன்னா நான் இந்த நாற்காலியில உக்கார மாட்டேன்." பணம் கிடைத்தது.

வடிகால் வெட்டியாயிற்று, பாலமும் எழும்பியது. கைப்பிடிச் சுவருக்கு நூல் கட்டிய அன்றுதான் கோளாறு தெரிந்தது. இரண்டு சுவருக்கும் நடுவே பாரவண்டி தாராளமாகப் போகும், தேர் நுழையாது. மதுரையிலிருந்து வந்து வரைபடம் போட்ட இன்ஜினியரிடம் தேரின் அகலத்தை யாருமே சொல்லவில்லை. "நீங்க சொல்லியிருப்பீகன்னு நெனச்சேன்" என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். ஊருக்கே தெரிந்ததை வெளியூர்க்காரரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்ஜினியர் நல்ல மனிதர்தான். ஆனால் கைப்பிடி இல்லாத பாலத்துக்குப் பில் பாஸாகாது என்று கையை விரித்துவிட்டார். அன்று பிரசிடெண்டு தம் நாற்காலியை விட்டுவிட்டு என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த சந்தையன்று பிரசிடெண்டின் கடலைக் கடை வாசலில் ஒரு வண்டிக்காரன் அகலமான கதவு ஒன்றை ஏற்ற முடியாமல், வண்டியின் பக்கக் குச்சிகளைப் பிடுங்கிக் கீழே போட்டான். "ஏலே, நில்லு!" என்று பிரசிடெண்டு போட்ட சத்தத்தில் மாடே மிரண்டது. குச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே இன்ஜினியரிடம் போனார். "கைப்பிடி இருக்கணும். தேர் வாரப்ப மட்டும் இருக்கக் கூடாது. அம்புட்டுத்தானய்யா?" இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வரைபடத்தைத் திருத்தினார்.

அந்தச் சித்திரையில், பழைய சக்கரங்கள் முனக முனக, தேர் ஓடையைக் கடந்தது. பிரசிடெண்டு வடத்தை விட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் விசும்பி அழுதார். பூக்காரம்மா தன் வாசலில் நின்று, தன் கையாலேயே மாலையை எடுத்துக் கொடுத்தாள்.

பிரசிடெண்டு இப்போது இல்லை. பாலத்தின் மேல் பஸ் ஓடுகிறது. போன ஐப்பசியில் நல்ல மழை. கடைவீதித் தண்ணீர் வடிகாலில் இறங்கிப் பாலத்தின் கீழே சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. கல்தூணில் கைவைத்து வேடிக்கை பார்த்தபடி நின்ற பூக்காரம்மாவிடம், "தேர் உங்க வாசலுக்கு வாரதுல இன்னும் சந்தோசந்தானே?" என்று கேட்டேன்.

மேற்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கும் அவள் மகள், குடையைப் பிடித்தபடி பாலத்தில் வந்துகொண்டிருந்தாள்.

"தேரு வருசத்துக்கு ஒருநாத்தான வருது" என்றாள் பூக்காரம்மா. "எம்மக தெனமும்ல போயிட்டு வாரா!"